நெஞ்சுக்குள்ளே ஒரு சப்மெர்சிபிள்

சென்னீர்குப்பம் என்று ஊர்ப் பெயரிலேயே நீர் இருக்கிறது. குழாயில்தான் சந்தேகம். போன ஞாயிறு காலை ஆறேகால் மணிக்கு எங்கள் குடியிருப்பின் (பன்னிரண்டு வீடு, ஒரு போர், ஒரு செக்ரட்டரி) சப்மெர்சிபிள் மோட்டார், 'ங்ங்ங்' என்று நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கிவிட்டது. செக்ரட்டரி அடியேன்தான். திறமையைப் பார்த்துக் கொடுத்த பதவி இல்லை. தேர்தல் நடந்த மீட்டிங்குக்கு அன்றைக்கு நான் லேட்டாகப் போய்விட்டேன்.

ஆறரைக்குள் பதினோரு வீட்டு பக்கெட்டுகளும் என் வாசலுக்கு வந்துவிட்டன. பன்னிரண்டாவது பக்கெட் என் வீட்டுக்குள்ளேயே, என் மனைவியின் கையில். ஏழரைக்குக் கரையான்சாவடியிலிருந்து மெக்கானிக் தம்பி வந்தார். முக்காலி நட்டு, செயின் மாட்டி, பைப் பைப்பாகக் கழற்றி, பத்து மணிக்கு ஆசாமியை வெளியே எடுத்துப் போட்டார். பார்த்தால் ஏதோ பீரங்கிக் குண்டு மாதிரி நீளமாக, சேறு பூசிக்கொண்டு கிடந்தது.

"காயில் போயிடுச்சா?" என்று விஷயம் தெரிந்தவன் போலக் கேட்டேன்.

"மோட்டரு நல்லாத்தான் சார் இருக்குது. புஷ்ஷு தேஞ்சிடுச்சி. புஷ் தேஞ்சா ஷாஃப்ட் ஆடும். ஷாஃப்ட் ஆடுனா இம்பெல்லரு பாடில ஒரசும். ஒரசுனா ஜாம்."

"ஏம்ப்பா, கிரீஸ் போட்டிருக்கலாமே?"

தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தண்ணிக்குள்ள ஓடற மோட்டருக்குக் கிரீஸு எதுக்கு சார்? தண்ணிதான் அதுக்குக் கிரீஸு. தண்ணில மண்ணு வந்திச்சின்னா, அத்தோட முடிஞ்சிச்சி."

இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது. ஆபீஸில் என் டேபிளுக்கு இரண்டு டேபிள் தள்ளி உட்காரும் அக்கவுண்ட்ஸ் தம்பி. வயது 33. ஆவடியில் வீடு, கல்யாணமாகி நாலு வருஷம். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது, போனது. அதற்குப் பிறகு இரண்டாவது மாடிக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு கிளினிக்கில் கேஸ் டிரபிள் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். நாங்களும் ஆபீஸில், 'கல்யாணத் தொப்பை' என்று கிண்டல் செய்துகொண்டிருந்தோம். ஒரு நாள் ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே விடிய விடிய மூச்சு விட்டிருக்கிறார். எக்கோ எடுத்தார்கள். இதயம் விரிந்து, தொளதொளத்துப் போயிருக்கிறது. ஒரு துடிப்புக்கு உள்ளே இருக்கும் ரத்தத்தில் நூற்றுக்கு 55-க்கு மேல் வெளியே தள்ள வேண்டிய சாமான், 18 தள்ளுகிறது. வந்து போன காய்ச்சலின் வைரஸ் இதயத் தசையையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போயிருக்கலாம் என்கிறார்கள்.

மாற்று இதயத்துக்குப் பதிவு செய்தாகிவிட்டது. "அதுக்குள்ள மோசமாச்சுன்னா ஒரு பம்ப் வைக்கலாம்னு டாக்டர் சொல்றார் சார். விலை கேட்டேன். அரைக் கோடிக்கு மேலயாம், கோடி வரைக்கும்கூடப் போகுமாம். அப்பா திருமழிசை மனையை வித்துடலாம்ங்கறார். நீங்கதான் எதையாவது படிச்சி எழுதிட்டே இருப்பீங்களே... அந்த பம்ப் ஓடுமா சார்? விக்கலாமா?"

ஒரு பக்கம் சேற்றில் கிடக்கும் பம்பு. மறு பக்கம் காதில் இந்தக் கேள்வி. "ரெண்டு நாள் டைம் கொடுப்பா" என்று சொல்லி வைத்தேன்.

'சென்னீர்' என்பதில் இரண்டு எழுத்தை மாற்றினால் செந்நீர். செந்நீர் என்றால் ரத்தம். அந்த இரண்டு எழுத்து வித்தியாசத்தைத்தான் உலகத்து இன்ஜினீயர்கள் அறுபது வருஷமாகத் தாண்டப் பார்க்கிறார்கள் என்பது இந்த வாரம் படித்ததில் தெரிந்தது.

முதலில் கணக்கு. இதயம் நிமிடத்துக்கு சுமார் ஐந்து லிட்டர் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். எங்கள் தெருவுக்கு வரும் பெரிய தண்ணி லாரி 12,000 லிட்டர், அதில் பாதிக்கு மேல். தூக்குகிற உயரம்? பி.பி. 120 என்கிறார்களே, அது பாதரசத்தில் 120 மில்லிமீட்டர். தண்ணீரில் போட்டால் ஒரு மீட்டர் அறுபது சென்டிமீட்டர். ஐந்தடி சொச்சம். முதல் மாடிக் குழாய்க்குக்கூட எட்டாது! பள்ளிக்கூட ஃபார்முலாவில் பெருக்கிப் பார்த்தால் ஒன்றரை வாட்டைத் தொடவில்லை. எங்கள் போர் மோட்டார் ஒன்றரை ஹார்ஸ் பவர், அதாவது ஆயிரத்து நூறு வாட் சொச்சம். பூஜை ரூமில் எரியும் சிவப்பு பல்பு இதயத்தைவிட அதிக கரண்ட் இழுக்கிறது.

அப்புறம் எதற்குக் கோடி ரூபாய் என்று கேட்டால், மெக்கானிக் தம்பி அப்போதே பதில் சொல்லிவிட்டார். மோட்டார் பிரச்னை இல்லை. புஷ்தான் பிரச்னை. இதயம் ஒரு நாளைக்கு லட்சம் தடவை அடிக்கிறது. அக்கவுண்ட்ஸ் தம்பியின் 33 வருஷத்தில் 120 கோடி தடவை. நடுவில் ஒரு நாள் லீவு இல்லை, சர்வீஸ் இல்லை, கழற்றி மாட்டுவது இல்லை. அப்படி ஓடக்கூடிய புஷ் எந்தக் கடையிலும் கிடையாது.

இந்த வேலையை ஆரம்பித்தவர்கள் இயற்கையை அப்படியே காப்பி அடிக்கப் பார்த்தார்கள். இதயம் துடிக்கிறது, எனவே பம்பும் துடிக்க வேண்டும். ஒரு பை, உள்ளே ஒரு வால்வ், வெளியே ஒரு வால்வ், காற்றடித்து அமுக்கினால் ரத்தம் போகும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் டாக்டர் மைக்கேல் டிபேக்கி 1966-ல் இப்படி ஒரு துணைப் பம்பை வைத்து ஒரு பெண்மணியைப் பத்து நாள் தாங்கிப் பிழைக்க வைத்தார். 1982 டிசம்பரில் பார்னி கிளார்க் என்ற பல் டாக்டருக்கு இதயத்தையே எடுத்துவிட்டு ஜார்விக்-7 என்ற முழுச் செயற்கை இதயம் வைத்தார்கள். 112 நாள் இருந்தார். கூடவே வாஷிங் மெஷின் சைஸில் ஒரு கம்ப்ரஸரும் இருந்தது. அவர் எங்கே போனாலும் அதுவும் போக வேண்டும். எனவே அவர் எங்கேயும் போகவில்லை.

டாக்டர்கள் அப்புறம் புத்திசாலித்தனமாக ஒரு படி இறங்கி வந்தார்கள். இதயத்தை எடுக்க வேண்டாம், அது முடிந்தவரை அடித்துக்கொண்டு இருக்கட்டும். உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புகிற இடது கீழறைக்கு மட்டும் ஒரு ஒத்தாசை. அதன் நுனியில் ஓட்டை போட்டு பம்பைச் சொருகி, அங்கிருந்து ஒரு குழாயை மகாதமனிக்கு இழுத்துவிட்டால் போதும். எல்வேட் என்று இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் சொல்கிறார்களே, அது இதுதான். துடிக்கும் ரகத்தில் ஹார்ட்மேட் என்று ஒன்று வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, வயிற்றுக்குள் டிபன் பாக்ஸ் வைத்துத் தைத்த மாதிரி. மாற்று இதயம் பெற வழியில்லாத 129 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் பம்பு, மீதிப் பேருக்கு மருந்து மட்டும் என்று சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள்: பம்பில் நூற்றுக்கு 52, மருந்தில் 25. கைதட்டலாம். இரண்டாம் வருஷம்: 23, எட்டு. கைதட்டலை நிறுத்திவிடலாம். அசைகிற பாகம் எல்லாம் தேய்ந்தது, கிழிந்தது, சீழ் பிடித்தது.

திருப்பம் ஒரு வயற்காட்டில் வந்தது. எனக்கு இந்த வாரம் படித்ததிலேயே பிடித்த இடம் இதுதான்.

ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க டாக்டர் 1970-களில் சேவைக்காக எகிப்துக்குப் போயிருந்தார். அங்கே கிராமத்து ஜனங்கள் ஆர்க்கிமிடீஸ் திருகை வைத்துத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்தார். ஒரு குழாய்க்குள் திருகாணி மாதிரி ஒன்று. கையால் சுற்றினால் கீழே இருக்கும் தண்ணீர் ஏறி மேலே வரும். வால்வ் கிடையாது, பை கிடையாது, துடிப்பு கிடையாது. சும்மா சுற்றுகிறது. ரத்தத்தையும் இப்படிச் சுற்றி ஏற்றினால் என்ன?

கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரத்தம் என்பது தண்ணீர் இல்லை. உள்ளே கோடிக்கணக்கில் சிவப்பணுக்கள் மிதக்கின்றன. வேகமாகச் சுற்றுகிற எதிலாவது விட்டால் மிக்ஸியில் போட்ட தக்காளி கதைதான் என்பது அன்றைய நம்பிக்கை. வாம்ப்ளர் கேட்கவில்லை. பென்சில் ரப்பர் அளவுக்கு ஒரு பம்பு செய்தார். தொடை ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் அனுப்பி, வெளியே இருந்து ஒரு கேபிள் மூலம் நிமிடத்துக்கு 25,000 சுற்று. 1988 ஏப்ரலில் டெக்ஸாஸில் டாக்டர் ஃப்ரேஸியர் அதை ஒரு நோயாளிக்கு வைத்தார். ரத்தம் சட்னி ஆகவில்லை. அத்தனை வேகத்தில் அணுக்கள் அதற்குள் இருப்பதே கண் இமைக்கும் நேரம்தான், அடிபட அவகாசமில்லை.

அதற்குப் பின் வந்தவை எல்லாம் சுற்றும் ரகம். ஹார்ட்மேட்-2 கால் கிலோ சொச்சம்; அமெரிக்க அரசு 2008-ல் அனுமதித்தது. கட்டை விரல் தடிமனில் ஒரு குழாய், உள்ளே ஒரு ரோட்டர், நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று. பழைய துடிக்கும் ரகத்தோடு போட்டி வைத்தபோது இரண்டு வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 58, பழசில் 24. அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்த டிக் செனி 2010 ஜூலையில் இதைத்தான் வைத்துக்கொண்டார். இருபது மாதம் இதில் ஓட்டிவிட்டு 2012 மார்ச்சில் மாற்று இதயம் பெற்றார்.

ஒரு விசேஷம் என்னவென்றால், பம்பு விட்டு விட்டு அடிக்காமல் ஒரே சீராக ஓடுவதால் மணிக்கட்டில் நாடி பெரும்பாலும் தெரியாது. நடமாடுகிறார், பேசுகிறார், பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். நாடி மட்டும் இல்லை. பி.பி. பார்க்கவும் சாதாரண மெஷின் சரிப்படாது. டாப்ளர் வைத்துக் கேட்கவேண்டும். நம் சித்த வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்தால் மயக்கம் அவருக்குத்தான் வரும்.

இப்போது புஷ்ஷுக்கு வருவோம். ஹார்ட்மேட்-2-ன் ரோட்டர் இரண்டு முனையிலும் செயற்கை மாணிக்கக் கல்லில் உட்கார்ந்து சுற்றியது. ஹெச்.எம்.டி. வாட்ச் டயலில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருக்குமே, அதே ஜாதிக் கல். கிரீஸ் கிடையாது. சுற்றிலும் ஓடுகிற ரத்தமேதான் கிரீஸ். 'தண்ணில மண்ணு வந்திச்சின்னா முடிஞ்சிச்சி' ஞாபகமிருக்கிறதா? ரத்தத்தில் மண் வராது. ஆனால் ரத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. தேங்கினாலும் உறையும், சூடானாலும் உறையும், பழக்கமில்லாத பொருளைத் தொட்டாலும் உறையும். பேரிங் இடுக்கில் இது மூன்றும் உண்டு. 2011-க்குப் பிறகு சில பெரிய ஆஸ்பத்திரிகள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பம்பு வைத்து மூன்று மாதத்துக்குள் உள்ளே ரத்தக்கட்டி விழுவது நூற்றுக்கு 2.2 என்றிருந்தது, 2013 ஆரம்பத்தில் 8.4 ஆகியிருந்தது. அதை 2014-ல் பகிரங்கமாகப் பத்திரிகையில் போட்டார்கள். கட்டி விழுந்தால் பம்பு நிற்கும், அல்லது கட்டி மூளைக்குப் போகும்.

சரி, புஷ்ஷே இல்லாவிட்டால்?

அதுதான் ஹார்ட்மேட்-3. ரோட்டரை எதுவும் தொடவில்லை. காந்தம் அதை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஷாங்காயில் தண்டவாளத்தைத் தொடாமல் ஓடும் ரயில் இருக்கிறதே, அந்த வித்தை. சென்சார்கள் ரோட்டர் எங்கே இருக்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்க, அது துளி நகர்ந்தால் காந்தம் இழுத்து இடத்தில் வைக்கிறது. ரோட்டருக்கும் சுவருக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி. நமக்கு அது சந்து. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத சிவப்பணுவுக்கு பூந்தமல்லி பைபாஸ். இடித்துக்கொள்ளாமல் போகலாம். இரண்டு விநாடிக்கு ஒரு முறை வேகத்தைக் குறைத்து ஏற்றி, மூலையில் ரத்தம் தேங்காமல் அலசியும் விடுகிறது. 1,028 பேரிடம் இரண்டு ரகத்தையும் ஒப்பிட்டு 2019-ல் முழு முடிவு வந்தது. இரண்டு வருஷத்துக்குள் பம்பை மாற்றவேண்டி வந்தது பழசில் 57 பேருக்கு, புதுசில் 12 பேருக்கு. ஐந்து வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 58 என்று 2022-ல் எழுதினார்கள். பழசில் 44. மாற்று இதயம் கிடைக்காமல், மருந்தும் கேட்காமல் போனவர்களுக்கு ஐந்து வருஷம் என்பது சாதாரணமில்லை. பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம்.

விளம்பரம் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மறுபக்கமும் உண்டு. வயிற்றைத் துளைத்துக்கொண்டு ஒரு வயர் வெளியே வருகிறது. இடுப்பில் கன்ட்ரோலர், தோளில் இரண்டு பேட்டரி. ஒரு செட் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ராத்திரி பிளக்கில் மாட்டிக்கொண்டு தூங்கவேண்டும். (இ.பி.காரர்களை நம்பி வாழ்வதற்கு இதைவிட நேரடியான வழி இல்லை.) வயர் வெளியே வரும் இடத்தில் கிருமி புகுந்தால் லேசில் விடாது, நம் ஊர் மே மாத வியர்வையை நினைத்துக்கொள்ளுங்கள். குளம், கிணறு, நீச்சல் மறந்துவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டு. கீரையைக்கூட இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கக்கூடாது, மாத்திரைக் கணக்கு மாறிவிடும். சுற்றும் வேகத்தில் ரத்தத்தின் உறையவைக்கும் புரதம் ஒன்று நைந்துபோவதால் குடலில் ரத்தக் கசிவு வேறு. இத்தனை வருஷம் எல்லோருக்கும் கூடவே ஆஸ்பிரினும் கொடுத்துவந்தார்கள். 2023-ல் சோதித்துப் பார்த்தால், இந்தப் பம்புக்கு ஆஸ்பிரின் தேவையே இல்லையாம். நிறுத்தினால் கசிவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறதாம். 2024-ல் இன்னொரு எச்சரிக்கை: பம்பிலிருந்து போகும் குழாயைச் சுற்றி வருஷக்கணக்கில் கசடு சேர்ந்து குழாயை நெரிக்கலாம் என்று. கற்றுக்கொண்டே இருக்கிறார்கள், நோயாளியின் நெஞ்சில் வைத்து.

ஹார்ட்வேர் என்று இன்னொரு பம்பு இருந்தது. சின்னது, அழகானது, நம் நாட்டிலும் வைத்திருக்கிறார்கள். அதில் பக்கவாதம், மரணம் அதிகம் என்பதோடு, ஒரு முறை நின்றால் சிலது மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. 2021 ஜூனில் மெட்ரானிக் கம்பெனி விற்பனையை நிறுத்திவிட்டது. நம் வீட்டு மோட்டார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பக்கெட் வரும். அங்கே?

அது போனபின் நீண்ட காலத்துக்கு வைக்கும் பம்பு என்று கேட்டால் பெரும்பாலான நாடுகளில் அபாட் கம்பெனியின் ஹார்ட்மேட்-3 ஒன்றைத்தான் காட்டுகிறார்கள். ஒரே கடை. விலை ஏன் இறங்கவில்லை என்று கேட்பதற்குப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம்.

'கோயமுத்தூர்க்காரர்களிடம் விட்டால் ஆறு மாதத்தில் பாதி விலைக்குப் போட்டுத் தரமாட்டார்களா?' என்று எனக்கும் தோன்றியது. பம்பைப் போட்டுத் தருவார்கள். அது நெஞ்சுக்குள் பத்து வருஷம் நிற்காது என்று நிரூபிப்பதற்குள் நமக்கு நரைத்துவிடும். இதற்கு நம்மிடமே ஒரு கதை இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா இன்ஸ்டிட்யூட்டில் டாக்டர் வலியத்தான் ஒரு சாதாரண இதய வால்வு செய்ய இறங்கினார். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. ஒரு வளையத்துக்குள் ஒரு வில்லை, அவ்வளவுதான். முதல் மாடலில் கம்பி உடைந்தது. இரண்டாவதில் வில்லை வளையத்தைத் தேய்த்துத் தின்றது. மூன்றாவது எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகி, ஆட்டுக்கு வைத்து மூன்று மாதம் கழித்து நீலக்கல் வில்லை விண்டு போய், ஆடு செத்தது. நாலாவதில் கல்லை விட்டுவிட்டு ஒரு வகை பிளாஸ்டிக்கில் வில்லை செய்தார்கள். மெஷினில் கோடிக்கணக்கான தடவை திறந்து மூடிப் பார்த்து, 1990 டிசம்பர் 6-ம் தேதிதான் முதல் மனிதருக்கு வைத்தார்கள். நம் சென்னை டி.டி.கே. கம்பெனி அதைத் தயாரித்தது. லட்சம் பேருக்கு மேல் வைத்தாகிவிட்டது. வெளிநாட்டு வால்வைவிட விலை வெகு குறைச்சல். வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். இங்கே சினிமாச் செய்திக்கு நடுவே நாலு வரி வந்தது.

வால்வுக்கே இத்தனை என்றால் பம்புக்கு? கான்பூர் ஐ.ஐ.டி.யில் 'ஹ்ருத்யந்த்ரா' என்ற பெயரில் சொந்தமாக ஒன்று செய்வதாக 2021 டிசம்பரில் அறிவித்தார்கள். சீனாக்காரர்கள் முந்திக்கொண்டு தங்கள் ஊர்ப் பம்புகளை அனுமதி வாங்கி மார்க்கெட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். வைக்கத் தெரிந்த கை நம்மிடம் இல்லாமல் இல்லை; சென்னையில் டாக்டர் கே.ஆர்.பாலகிருஷ்ணன் குழுவினர் பல வருஷமாக இந்தப் பம்புகளை வைத்து வருகிறார்கள். கை இருக்கிறது. பம்புதான் கப்பலில் வரவேண்டியிருக்கிறது.

மாற்று இதயத்தில் நாம் சோடை இல்லை. 2008 செப்டம்பரில் ஹிதேந்திரனின் இதயத்தை வைத்துக்கொண்டு போலீஸ் வண்டி தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் பதினோரு நிமிடத்தில் வந்ததே, மறக்க முடியுமா? முகப்பேரில் டாக்டர் கே.எம்.செரியனின் ஆஸ்பத்திரியில் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அதைப் பொருத்தினார்கள். செரியனும் 2025 ஜனவரியில் போய்விட்டார். அந்த ரோட்டில் நான் தினம் ஆபீஸ் போகிறேன். முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆனால் அந்தப் பதினோரு நிமிடத்துக்காக எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பது லிஸ்ட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நம் ஆள் குளிக்கும்போதும் ஃபோனை பாத்ரூம் ஜன்னலில் வைத்துக்கொள்கிறாராம்.

புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு நேரே ஆவடிக்குப் போனேன். ஒரு முடிவோடுதான் போனேன்: 'பம்பு ஓடும். ஆனால் முதலில் லிஸ்ட், பிறகு பம்பு. டாக்டர் கையைத் தூக்குகிறவரை மனையில் கை வைக்கவேண்டாம்.' அவசரத்துக்கு விற்கிற மனைக்குப் பாதி விலைதானே வரும்?

அவர் அப்பா ரிட்டயர்ட் டேங்க் ஃபேக்டரி ஃபிட்டர். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சார், எனக்கு பேரிங்கு விஷயம் தெரியும். முப்பத்தஞ்சி வருசம் அதான் வேலை. பேரிங் முழுசாப் போனப்புறம் மாத்துனா, அது கூட இருக்கறதையும் தின்னுருக்கும். டாக்டரு அன்னைக்கு என்ன சொன்னாரு தெரியுமா? ரொம்பத் தள்ளிப்போட்டா கிட்னி போயிடும், வலது பக்கமும் கெட்டுடும், அதுக்கப்புறம் பம்பு வெச்சும் புண்ணியமில்லன்னாரு. நான் மனைய விக்கறது பம்பு வாங்க இல்ல சார். அவரு 'இன்னிக்கி'ன்னு சொன்னா, 'பத்து நாள் டைம் குடுங்க'ன்னு நான் சொல்லக்கூடாது. அதுக்கு."

நான் வழக்கமாக பஸ்ஸில் எழுதிக்கொண்டு போகும் குறிப்பு நோட்டு மடியில் இருந்தது. மூடி வைத்துவிட்டேன். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. ரொம்பவும் முற்றிப்போனபின் பம்பு வைத்தவர்களுக்குப் பலன் குறைச்சல் என்று நானே இரண்டு நாள் முன்னால் படித்திருந்தேன். எனக்குச் சௌகரியமான கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஆவடிக்கு வந்திருக்கிறேன்.

அக்கவுண்ட்ஸ் தம்பி மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எகிப்து கதையை அவருக்குச் சொன்னேன். நாடி இருக்காது என்பதைச் சொன்னபோது அவர் மனைவி உள்ளே எழுந்து போய்விட்டார். சொல்லியிருக்க வேண்டாம்.

"அந்த வாம்ப்ளர் டாக்டர் இருக்காரே சார்," என்றார் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவர் எகிப்துக்குப் பதிலா நம்ம திருமழிசைப் பக்கம் ஏத்தம் எறைக்கிறதப் பார்த்திருந்தா, விலை குறைச்சி வந்திருக்குமோ?"

சிரித்தோம். அவருக்குச் சிரித்தால் இருமல் வருகிறது, அதனால் நிறுத்திக்கொண்டோம்.

மனைக்கு ஒரு புரோக்கர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். லீவ் லெட்டர் கொடுத்தாகிவிட்டது. எங்கள் குடியிருப்பில் தண்ணீர் வந்துவிட்டது. புது புஷ், கூலி எல்லாம் சேர்த்து வீட்டுக்கு நானூறு ரூபாய். மூன்று வீட்டுக்காரர்கள் இன்னும் கொடுக்கவில்லை.